வீட்டுக்குப் பின்னால் மண் திட்டு: கல் கட்டா, கம்பிக்கூடையா, கான்கிரீட்டா?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்ததும் கடலூர்க்காரர் தரையைப் பார்ப்பார். தண்ணீர் எவ்வளவு ஏறும், பீரோவின் கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது, யார் வீட்டில் மாடி உண்டு என்பது அவர் கணக்கு. அதே மழை குன்னூருக்கு வந்தால் வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இங்கே தண்ணீர் மேலே ஏறி வராது, மண்தான் கீழே இறங்கி வரும். கடலோரத்தில் உயிர் காக்கும் மொட்டை மாடி, சரிவை வெட்டிக் கட்டிய மலை வீட்டில் பெரும்பாலும் பின்னால் நிற்கும் வெட்டுத் திட்டின் பாதி உயரத்துக்கு நேரே இருக்கும். மேலே போய்ப் படுப்பதால் எதுவும் மாறிவிடாது.

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்தை நனைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்தது அந்த மழையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. கொட்டியது. அந்த மழையின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு நாளில் 204.4 மி.மீட்டரைத் தாண்டினாலே வானிலை ஆய்வு மையம் அதை அதி கனமழை என்கிறது. கேத்தியில் பெய்தது அதைப் போல நான்கு மடங்கு.

எனவே 'எந்தச் சுவர் கட்டலாம்?' என்ற கேள்விக்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் தன் கைக்காசில் கட்டும் எந்தச் சுவரும் 800 மி.மீ. மழைக்கென்று கட்டப்படுவதில்லை. ஆண்டுதோறும் வரும் 100, 150 மி.மீ. நாட்களில் திட்டு இடியாமல் இருக்கத்தான் சுவர். அதற்கு மேலான இரவுகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும், அது கடைசியில்.

சுவரைத் தள்ளுவது யார்?

'மண்ணோட வெயிட்டு தாங்காம செவுரு போயிருச்சு' என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது பாதி உண்மைதான். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்காத மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறக்குறைய 2.7 டன் பக்கவாட்டு அழுத்தம் வரும். அதே மண்ணில் தண்ணீர் மேல் விளிம்பு வரை நின்றுவிட்டால் அழுத்தம் 5.5 டன்னைத் தாண்டும். மண் அதேதான், சுவரும் அதேதான். வடிய வழியில்லாத தண்ணீர் சுமையை இரண்டு மடங்காக்கிவிடுகிறது.

நீலகிரி மண்ணின் அமைப்பும் இதற்குத் துணை போகிறது. மேலே செம்மண்ணும் செம்புரை மண்ணும், அதற்குக் கீழே பல இடங்களில் வெளுத்த, இளஞ்சிவப்பான வழவழப்புக் களி, அதற்கும் அடியில் சார்னோகைட் பாறை. மேல் மண் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். களி அதைக் கீழே விடாது. இரண்டும் சேரும் இடம் எண்ணெய் தடவிய பலகை போலாகிவிடும். திட்டை வெட்டும்போது அந்த வெள்ளைக் களி கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுவதுதான் முறை. மேஸ்திரியின் அனுபவம் எவ்வளவு பெரிதானாலும் அந்த இடத்துக்குப் போதாது.

முதல் வழி: சுவரே இல்லாமல், தண்ணீரை மட்டும் திருப்புவது

விலை குறைந்த வழி இதுதான். பலர் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். வேறெந்த வழியைத் தேர்ந்தாலும் இதைச் செய்யாமல் அது நிற்காது என்பதால் முதலில் வைக்கிறோம்.

திட்டின் மேல் விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி, சரிவுக்குக் குறுக்கே ஒரு கால்வாய். அகலம் 45 செ.மீ., ஆழம் 45 செ.மீ. போதும். வாட்டம் 50 அடிக்கு 1 அடி. அதற்கும் குறைந்தால் சருகும் மண்ணும் தங்கும். மிகவும் கூடினால் தண்ணீர் கால்வாயையே அரித்துவிடும். உட்புறம் சிமென்ட் பூச்சோ அரைவட்டக் கான்கிரீட் ஓடோ கட்டாயம் வேண்டும். வெறும் மண் வாய்க்காலாக விட்டால் அதுவே திட்டின் தலையில் தண்ணீர் ஊற்றும் குழியாகிவிடும். பூசிய கால்வாயில் விரிசல் விழுந்தாலும் அதே கதைதான். அதனால் ஆண்டுக்கொரு முறை, புரட்டாசிக்குள், விரிசலைப் பார்த்து அடைக்க வேண்டும். கால்வாயின் முடிவு பக்கத்து வீட்டுத் திட்டில் போய் விழக் கூடாது. ஓடை வரைக்கோ சாலையோரச் சாக்கடை வரைக்கோ குழாயில் இறக்க வேண்டும். இந்த மலைகளில் வழக்கு மூட்டும் விஷயங்களில் வேலிக்கு அடுத்தது இந்தத் தண்ணீர்தான்.

கூரைத் தண்ணீரை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுவது 9,000 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு டேங்கர் லாரி. இது தகரக் கூரையின் பின்விளிம்பிலிருந்து திட்டின் அடியிலேயே சொட்டினால், திட்டைத் தாங்கும் பாதத்தை நாமே ஊறவைக்கிறோம். கூரை முழுக்கத் தகர வாரி, அதிலிருந்து 4 அங்குலக் குழாய், அது வீட்டின் முன்பக்கம் வரை.

இன்னொன்று கசப்பாக இருக்கும். சமவெளியில் நல்லது என்று சொல்லப்படும் மழைநீர் உறிஞ்சுகுழியை, கீழே வீடு இருக்கும் வெட்டுத் திட்டுக்கு மேலே தோண்டக் கூடாது. சேகரிக்க ஆசைப்பட்டால் தொட்டியில் சேகரியுங்கள், மண்ணுக்குள் விடாதீர்கள். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் இதுவே. மேல் வீட்டுக் கக்கூஸ் குழி நிறைந்து வழிவதும் கீழ் வீட்டுத் திட்டில் கோடையிலும் ஈரம் தெரிவதும் பல நேரம் ஒரே சங்கதிதான்.

திட்டு ஒன்றரை மீட்டருக்குள் இருந்து, செங்குத்தாக இல்லாமல், விரிசலும் ஊற்றும் இல்லாதிருந்தால் இந்த வழி மட்டுமே போதும். அந்தப் பணத்தில் சுவர் கட்டுவது வீண்.

இரண்டாவது: சரிவைத் தணித்துப் புல் நடுவது

செங்குத்தாக வெட்டிய திட்டை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் உள்வாங்குமாறு, அதாவது 45 பாகைக்குச் சாய்க்க வேண்டும். உயரம் 3 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒன்றரை மீட்டர் அகலப் படி விட வேண்டும். மண்ணே தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் இது நல்ல தீர்வு. இடம்தான் சிக்கல். 3 மீட்டர் திட்டைச் சாய்க்க மேலே 3 மீட்டர் நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும். அங்கே அடுத்தவர் வீட்டு முற்றமோ நடைபாதையோ இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

வெட்டிவேரைப் பற்றி இணையத்தில் வரும் உற்சாகத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். பர்லியாறு, குஞ்சப்பனை, கூடலூர் உயரங்களில் அது நன்றாக வரும்; வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைத் தைக்கும். ஊட்டி உயரத்தில், மார்கழி உறைபனியில் சுணங்கிப்போகும். அங்கே உள்ளூர்ப் புற்களும் தவிட்டுப்பழம் போன்ற புதர்களும்தான் நம்பகம். கிக்குயூ புல் அழகான பச்சைப் போர்வை. மேல்மண் அரிப்பை நிறுத்தும். ஆனால் வேர் மேலோட்டமானது. ஆழச் சரிவுக்கு எதுவும் செய்யாது. வெட்டிவேர் நட்டால் தூருக்குத் தூர் 10 முதல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் உயரம், வரிசை சரிவுக்குக் குறுக்கே. ஆனியில் நட்டால்தான் ஐப்பசிக்குள் பிடிக்கும். புரட்டாசியில் நட்டது முதல் அடைமழையில் மண்ணோடு சேர்ந்தே வரும்.

திட்டின் விளிம்பில் யூகலிப்டஸ், சில்வர் ஓக் போன்ற உயர மரம் வேண்டாம். வேர் பிடிக்குமே என்பார்கள். பிடிக்கும். ஆனால் ஊறிய மண்ணில் காற்று மரத்தை ஆட்டும்போது அந்த வேரே நெம்புகோலாகிவிடும். இருக்கும் மரத்தை அனுமதி வாங்கி வெட்டினாலும் அடிக்கட்டையைப் பெயர்த்து எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

சுவர்கள்

இனி சுவர் வகைகள். ஒப்பிட வசதியாக ஒரே திட்டை வைத்துக்கொள்வோம்: 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம்.

சிமென்ட் வைத்த கருங்கல் கட்டுதான் மாவட்டம் முழுக்கப் பழகியது. கையில் வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள் என்பதே இதன் பெரிய பலம். மேலே அரை மீட்டர், கீழே ஒன்றரை மீட்டர் அகலம், அஸ்திவாரம் 80 செ.மீ. ஆழம் என்று வைத்தால் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 44 கன மீட்டர் கட்டு வரும். கல் வியாபாரியின் மொழியில் பதினைந்தரை யூனிட். சிமென்ட் 80 மூட்டைக்கு அக்கம்பக்கம். மொத்த எடை 100 டன். சாலையோர வீட்டுக்கு இது டிப்பர் வேலை. 200 படி ஏறிப் போகும் வீட்டுக்கு அந்த 100 டன்னும் தலைச்சுமை. அங்கே கல்லின் விலையைத் தூக்குக்கூலி தாண்டிவிடும். விலைப்புள்ளி கேட்கும்போது 'இறக்கும் இடம்' எது என்று எழுதி வாங்குங்கள்.

இந்தச் சுவர் தோற்கும் விதமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. தண்ணீர் வெளியேற 3 அல்லது 4 அங்குலப் பிவிசி குழாய்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறி மாறி, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக வைக்க வேண்டும். பல சுவர்களில் குழாய் இருக்கும், வேலை செய்யாது. குழாயின் உள்முனை நேரே களிமண்ணில் முட்டி நிற்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே 30 முதல் 45 செ.மீ. அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி அடுக்கு, அந்த ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி: இந்த இரண்டும் இல்லாத குழாய் அலங்காரம்தான். சோதிப்பது எளிது. சுவர் முடிந்ததும் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். ஜல்லியில் மோதும் சத்தம் வர வேண்டும். மெத்தென்று இறங்கினால் பணம் கொடுப்பதைத் தள்ளி வையுங்கள். ஜல்லி அடுக்கின் மேல்முனையை 30 செ.மீ. களிமண் போட்டு இறுக மூடவும் மறக்கக் கூடாது. மூடாவிட்டால், மேலே ஓடும் தண்ணீர் உள்ளே நேராக இறங்குவதற்கு ஜல்லி வழி காட்டிவிடும்.

வெட்டிய மண்ணையே பின்னால் கொட்டி நிரப்புவது, அழகுக்கென்று முகப்பைப் பூசும்போது குழாய் வாயையும் சேர்த்துப் பூசிவிடுவது, சுவர் உச்சியில் 1,000 லிட்டர் தொட்டி வைப்பது — தொட்டி நிறைந்தால் ஒரு டன் — இவையெல்லாம் அடுத்தடுத்த தவறுகள். கருங்கல் கட்டு விறைப்பானது. விழுவதற்கு முன் அதிகம் சொல்லாது. சொல்வதைக் கவனித்துக் கேட்க வேண்டும்: கீழிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, அளவைச் சுவரிலேயே பெயின்டில் எழுதி வையுங்கள்.

சிமென்ட் இல்லாத உலர்கல் கட்டு இதன் மூத்த உறவு. பழைய தேயிலைத் தோட்டங்களில், மலை ரயில் பாதையோரங்களில் பார்க்கலாம். சுவர் முழுக்கவே ஓட்டை என்பதால் தண்ணீர் பின்னால் தேங்காது. ஆனால் 2 மீட்டருக்கு மேல் இதை நம்ப மாட்டோம். முகப்பு 4 அடிக்கு 1 அடி உள்சாய்வாக இருக்க வேண்டும். முகத்திலிருந்து பின்பக்கம் வரை போகும் நீட்டுக்கல் மீட்டருக்கு ஒன்றாவது விழ வேண்டும். குறைகளை மறைக்கச் சாந்து இல்லாததால் இதற்குத் தேர்ந்த கை தேவை. அந்தக் கைகள் குறைந்துவருகின்றன. உருண்டைக் கல்லை அடுக்கிவிட்டு உலர்கல் கட்டு என்று கணக்கு எழுதுவோர் பெருகிவருகிறார்கள். கல் தட்டையாக இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கம்பிக்கூடை, ஊரில் 'கேபியன்' என்று சொல்வது. முறுக்கிய அறுகோண வலையால் ஆன பெட்டிக்குள் கல் அடுக்கி, பெட்டி மேல் பெட்டியாக ஏற்றுவது. 3 மீட்டருக்கு மூன்று அடுக்கு: அடியில் 2 மீட்டர் அகலம், நடுவில் ஒன்றரை, மேலே ஒன்று. மொத்தம் 45 கன மீட்டர். கல் அளவு கருங்கல் கட்டுக்குச் சமம். மிச்சமாவது சிமென்டும் மணலும் தண்ணீர் காட்டும் நாட்களும். சிறிய கல் போதும் என்பதால் தூக்குவது எளிது. தண்ணீர் தங்காது. அடிமண் சற்று இறங்கினாலும் கூடை வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. வயிறு தள்ளி, சாய்ந்து, மாதக்கணக்கில் எச்சரித்துவிட்டுத்தான் போகும். எங்கள் பார்வையில் இதன் முதல் தகுதி விலையோ உறுதியோ அல்ல, இந்த எச்சரிக்கைதான்.

கெடுவது எங்கே? பணம் மிச்சம் பிடிக்க வேலிக் கம்பி வலை வாங்குவதில் தொடங்குகிறது. ஓரிடத்தில் அறுந்தால் வேலி வலை நெடுகப் பிரியும், இரட்டை முறுக்கு வலை பிரியாது. கம்பி 2.7 மி.மீ., நல்ல துத்தநாகப் பூச்சு, சாக்கடையோ செப்டிக் கசிவோ படும் இடமானால் மேலே பிவிசி உறையும் வேண்டும். கல் 10 முதல் 25 செ.மீ. வரை, வலைக் கண்ணை விடச் சிறிய கல் உள்ளே போகக் கூடாது. முகப்புக் கல்லைக் கையால் அடுக்க வேண்டும். கூடையின் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் ஒரு தடவை, மூன்றில் இரண்டு பங்கில் ஒரு தடவை, முன் முகத்தையும் பின் முகத்தையும் உட்கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். இதைச் செய்யாத கூடை ஒரே பருவத்தில் பானை வயிறு போடும். பக்கத்துப் பக்கத்துக் கூடைகளை ஓரம் முழுக்கத் தைக்க வேண்டும், மூலைக்கு ஒரு முடிச்சு போதாது. பின்னால் ஜியோ டெக்ஸ்டைல் துணி இல்லையென்றால் செம்மண் கல் இடுக்கு வழியே கரைந்து வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் சுவருக்குப் பின்னால் குழி விழுந்திருக்கும். கூடைக்குள் பாம்பு குடியேறும் என்ற பயம் நியாயம்தான். வீட்டை ஒட்டிய கீழடுக்கில் மட்டும் இடுக்குகளில் சிறு கல் செருகிவிடலாம்.

கான்கிரீட் சுவர் காகிதத்தில் எல்லாவற்றையும் வெல்லும். 3 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 13 கன மீட்டர் கான்கிரீட், ஒரு டன் கம்பி. மொத்த எடை 32 டன். கருங்கல் கட்டின் மூன்றில் ஒரு பங்கு. தலைச்சுமையாகவே எல்லாம் போக வேண்டிய வீட்டுக்கு, சிமென்ட் விலையைக் கண்டு ஒதுக்கிய கான்கிரீட் கடைசியில் மலிவாக வந்து நிற்பதுண்டு. இரண்டையும் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஆனால் எல் வடிவச் சுவரின் பாதப் பலகை மண்ணுக்குள் நீள வேண்டும். மேலே இருக்கும் மண்ணின் எடையே அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பாதத்துக்காகத் திட்டின் அடியை இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் குடைய வேண்டிவரும். கட்டுமான வேலையில் ஆட்கள் புதைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முழு நீளத்தையும் ஒரே நாளில் குடையவே கூடாது. 2 மீட்டர் வெட்டி, கட்டி, அடுத்த 2 மீட்டரை விட்டு, அதற்கடுத்ததை வெட்டி என்று மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். கம்பி கட்டும் கணக்கு பொறியாளர் கையெழுத்தோடு வர வேண்டும். இழுவிசையைத் தாங்கும் முக்கியக் கம்பி மண் பக்க முகத்தில் நிற்க வேண்டியது. வீட்டுச் சுவர் கட்டிப் பழகியவர்கள் அதை வெளிமுகத்தில் வைத்துவிட்டால் அத்தனை இரும்பும் வீண்.

மண்ணுக்குள் துளையிட்டு இரும்புக் கம்பியைச் செருகி, சிமென்ட் பாலூற்றி, மேலே வலை போர்த்தும் மண் ஆணி முறையை நெடுஞ்சாலைத் துறை நீலகிரி மலைப்பாதைகளில் சில சரிவுகளில் செய்திருக்கிறது. 5 மீட்டருக்கு மேலான, பின்னால் இடமே இல்லாத திட்டுகளுக்கு அதுதான் சரி. தனி வீட்டுக்காரர் ஒருவரால் ஆகிற செலவல்ல. ஒரு தெருவின் எட்டுப் பத்து வீடுகள் சேர்ந்தால் பேசிப் பார்க்கலாம்.

எந்தத் திட்டுக்கு எது

உங்கள் திட்டு 2 முதல் 3 மீட்டர், மேலே கொஞ்சம் சொந்த இடம் உண்டு என்றால், முழு உயரச் சுவரே வேண்டாம் என்போம். அடியில் ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டருக்குக் குட்டையான கருங்கல் கட்டோ ஒரே அடுக்குக் கம்பிக்கூடையோ, அதற்கு மேல் 45 பாகைச் சரிவு, அதில் புல், உச்சியில் கால்வாய். செலவு பாதிக்கும் கீழே வரும். உயரம் பாதியானால் அழுத்தம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், குட்டைச் சுவர் தோற்பதும் அரிது.

மேலே இடமில்லை, சாலை பக்கத்தில் உண்டு, பின்னால் 2 மீட்டராவது வெறும் இடம் உண்டு என்றால் கம்பிக்கூடை. திட்டில் ஊற்று கசிகிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், கூடைதான். கூடவே 2 அங்குலத் துளைக்குழாயைத் துணி சுற்றி, மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்து, 5 மீட்டர் உள்ளே செருகித் தண்ணீரை வெளியே இழுக்க வேண்டும். பின் சுவருக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லாத வீடுகள் குன்னூரில் ஏராளம். ஒன்றரை மீட்டர் அகலச் சுவருக்கு அங்கே இடமில்லை. அகலத்தைச் சுருக்கி 2 அடிச் சுவராக 3 மீட்டர் ஏற்றித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். அது நிற்கும் ஆண்டுகளில் மழை குறைவு என்று மட்டுமே பொருள். அந்த இடத்தில் கான்கிரீட் அல்லது மண் ஆணி. இரண்டுக்கும் பணமில்லையென்றால் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பின் அறையைப் படுக்கையறையாக வைக்காமல் சாமான் அறையாக்குவது.

ஓடைக்கரை வீட்டுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. மேலே எங்கோ சரிந்த மண் ஓடை வழியே பாறையோடும் மரத்தோடும் வரும்போது வீட்டுச் சுவர் எதற்கும் ஆகாது. பந்தலூருக்கு அப்பால், வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் 2024 ஜூலை 30 அன்று பார்த்தது அதைத்தான்.

எதைக் கட்டினாலும் தையிலிருந்து சித்திரைக்குள் கட்டி முடிக்க வேண்டும். ஐப்பசியில் திட்டின் அடியை வெட்டுவது, ஏணியில் ஆள் நிற்கும்போது ஏணிக்காலைச் செதுக்குவது போல. பொக்லைன் இறக்க நீலகிரியிலும் கொடைக்கானலிலும் முன்னனுமதி தேவை. அந்த அலைச்சலுக்கும் சேர்த்து மார்கழியிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.

சுவர் இருந்தாலும் இறங்க வேண்டிய இரவு

ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் ஆயத்தம், சிவப்பு வந்தால் வெளியேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு உங்கள் சொந்த அளவும் ஒன்று இருக்கட்டும். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அடிக்கோலால் தண்ணீரை அளந்தால் அதுவே மழைமானி. மூன்று நாளாகப் பெய்து ஊறிய மண்ணின் மேல் ஒரே நாளில் 100 மி.மீ. தாண்டினால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் பின்பக்க அறையைக் காலி செய்யுங்கள். திட்டின் தலையில் புது விரிசல், சுவர்க் குழாயில் தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வருவது, கொட்டும் மழையிலும் குழாய் திடீரென்று நின்றுபோவது, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுவது, ஓடைத் தண்ணீர் மழையிலும் குறைவது — இதில் ஒன்று தென்பட்டாலும் முழு வீட்டையும் விட்டு இறங்க வேண்டும்.

எங்கே போவது என்பதிலும் தேர்வு உண்டு. முன் அறைக்கு மாறுவது 2 மீட்டர்த் திட்டுக்குச் சரி, 8 மீட்டர்த் திட்டுக்குச் சரியல்ல. சரிந்த மண் குறைந்தது திட்டின் உயரத்துக்காவது முன்னே ஓடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து வீடு நல்லதுதான், அது வேறு சரிவில் இருந்தால். ஒரே திட்டின் அடியில் வரிசையாக உள்ள லைன் வீடுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில் பயனில்லை. மேட்டின் முதுகில், வெட்டாத மண்ணில் நிற்கும் பள்ளிக்கூடமோ சமுதாயக்கூடமோ உறவினர் வீடோ இருந்தால் அதுதான் முதல் தேர்வு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடலாம் என்று ராத்திரியில் வண்டியெடுப்பது எல்லாவற்றிலும் மோசம். மலைப்பாதைதான் முதலில் சரியும், பனிமூட்டத்தில் சரிந்தது தெரியவும் தெரியாது. மாலை 4 மணிக்குள் நகர்ந்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. தமிழக அரசின் மழை எச்சரிக்கைச் செயலியான டிஎன்-அலர்ட்டை மழைக்கு முன்பே போட்டு வையுங்கள். கேஸ் சிலிண்டரை மூடி, மெயின் சுவிட்சை இறக்கி, பட்டா நகலும் ரேஷன் அட்டையும் மாத்திரையும் ஒரே பையில்.

விரிசல் கண்ட திட்டில் மழைக்கு நடுவே செய்யக்கூடியது ஒன்றுதான். அதுவும் பகலில், கீழே ஆளில்லாமல், விரிசல் சிறியதாகவும் அகலாமலும் இருந்தால் மட்டும். விரிசலில் களிமண்ணை இட்டு இறுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்துவது. தார்ப்பாயின் கீழ்முனை திட்டின் அடியைத் தாண்டி நீள வேண்டும். இல்லையென்றால் எல்லாத் தண்ணீரையும் சேர்த்துப் பாதத்தில் கொட்டும். அதைப் பிடிக்க உச்சியில் மண் மூட்டைகளை அடுக்கினால் அதுவும் சுமைதான். முளை அடித்துக் கயிறு கட்டுங்கள், முளை விரிசலுக்கு மேல்பக்கம் இருக்கட்டும்.

மழை விட்டதும் சரிந்து கிடக்கும் மண்ணை உடனே வாரி எடுக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அது சமையலறைக் கதவை மறித்தாலும் விட்டு வையுங்கள். மேலே தொங்கிக்கொண்டிருக்கும் மீதித் திட்டுக்கு இப்போது முட்டுக்கொடுத்து நிற்பது அந்தக் குவியல்தான். இரண்டு, மூன்று வெயில் நாள் போய், உச்சியில் விரிசல் நீளவில்லை என்று பார்த்த பிறகு, மேலிருந்து கீழாக எடுக்கத் தொடங்கலாம்.